கொப்புளம் இல்லாத கதவுகள்

உங்கள் வீட்டு நகரும் கதவின் சட்டத்தை என்றைக்காவது விரலால் தடவிப் பார்த்திருக்கிறீர்களா, சார்? பார்த்திருக்க மாட்டீர்கள். தேக்கு என்று நினைத்துக்கொண்டு போய்விடுவீர்கள். அது அலுமினியம். மேலே இருப்பது தேக்கு வரி அச்சடித்த மெல்லிய ஃபாயில். இரண்டுக்கும் நடுவில் இருப்பது நான். அதாவது, நான் கலக்கும் பசை.

சிதம்பரத்தில் வேதியியல் படித்தேன். படித்ததைவிட, கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகையில் முதல்வரைக் கிண்டல் செய்து எழுதியது அதிகம். அந்தத் திறமைக்கு வேலை எதுவும் கிடைக்காததால் கடலூரில், செம்மங்குப்பம் தாண்டி ஒரு தகரக் கொட்டகையில் பசைப் பொறுப்பாளர் ஆனேன். எனக்குக் கீழே ஒரே ஆள், அருள்முருகன். பசை தடவி ஃபாயில் ஒட்டுபவர். என்னைவிட மூத்தவர். ஆனாலும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அக்காவும் கிடையாது, தங்கையும் கிடையாது.

எங்கள் தொழிலுக்கு எதிரி தூசி. பசைமேல் ஒரு துகள் விழுந்தால் போதும், ஃபாயில் அந்த இடத்தில் கொப்புளமாக எழும்பும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தேக்குக்கு அம்மை போட்டதுபோல் இருக்கும். ‘தானே’ புயல் ஓரத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போன பிறகு, கொட்டகை தூசிக்குச் சொந்தமாகிவிட்டது. நாங்கள் அதில் குடியிருந்தோம். சிதம்பரத்தில் ஒரு லாட்ஜுக்குப் போன கதவுகள் அத்தனையும் திரும்பி வந்தன. முதலாளி வைத்திலிங்கம் சத்தம் போடவில்லை.

"இன்னொரு வாட்டி திரும்பி வந்துச்சின்னா, அத எறக்கிட்டு அதே வண்டில நீ ஏறிக்க தம்பி" என்றார்.

ஏறி எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை. ஊரில் என்னைக் கம்பெனி விஞ்ஞானி என்று சொல்லிவைத்திருந்தார்கள்.

ஆகவே பசை அறையைச் சுத்தமாக்கினேன். பசையின் ஆவியை வெளியேற்றும் விசிறி ஓடினால், இடுக்கு வழியே தூசி உள்ளே வரும். விசிறியை நிறுத்தினேன். ஜன்னல் இடுக்குகளை மிச்ச ஃபாயிலால் ஒட்டினேன். அந்த ஆவி ஆளைச் சாய்க்கும் என்பது எனக்குத் தெரியும். பாடத்தில் இருந்தது, தேர்விலும் வந்தது, சரியாகவே எழுதினேன். கடைசியாக மிஞ்சிய ஓட்டை அருள்முருகன். அடிக்கடி கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டுவார்.

"கண்ணு எரியுது மச்சான். கொஞ்சம் காத்து வாங்கிக்கறேன்."

"காத்தோட தூசியும் வருதுல்ல."

"அப்ப உன் கதவுக்கு மேக்கப் போடணும்னா நான் மூச்சே வுடக்கூடாதா? இரு, ஜெயராணிகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடறேன்."

ஜெயராணி அவர் மனைவி. நான் சிரித்தேன். நகைச்சுவையை மதிப்பவன் நான்.

லாட்ஜ் கதவுகளை மறுபடி ஒட்டிய அன்று, அவர் உள்ளே போனதும் வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன். அந்தக் கதவின் இடுக்கிலும் ஃபாயிலை ஒட்டினேன். சொன்னால் பதறுவார் என்பதால் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் தட்ட ஆரம்பித்தார். பசை ஈரமாக இருக்கும் நேரம் அது. திறக்க முடியாது. தட்டல் நிற்பதற்குள் ஜெயராணி சாப்பாட்டு டப்பாவோடு வந்துவிட்டார்.

"இன்னா தம்பி, உள்ள தட்டற சத்தம் கேக்குது?"

"உருளையால ஃபாயில அமுத்தறாரு அக்கா. தட்டித் தட்டித்தான் ஒட்டணும்."

"வூட்ல ஒரு ஆணி அடிக்கச் சொன்னா காதுலயே வுழாது. இங்க இன்னா வேகம் பாரு" என்று சிரித்தார். டப்பாவை என் மேசைமேல் வைத்தார். "மீன் கொழம்பு. ஆறிப்போறதுக்குள்ள சாப்புடச் சொல்லு."

சொல்வதாகத் தலையாட்டினேன். அவர் போய்விட்டார்.

பிறகு கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அருள்முருகன் முட்டி போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தாழ்ப்பாள் பக்கம் கை காட்டினார். நான் அவருக்குப் பின்னாலிருந்த கடைசிச் சட்டத்தைக் காட்டினேன். பசை தடவி, ஃபாயில் ஒட்டாமல் கிடந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். தவழ்ந்து போனார். ஃபாயிலை வைத்து, உருளையை ஓட்டி முடித்தார். ஓரம்கூட நேராக வந்திருந்தது. மறுபடி கதவருகே வந்து, கண்ணாடிக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டார். முடித்தால் திறப்பேன் என்று நினைத்திருக்கலாம். ஆனால் ஓரங்கள் காய வேண்டுமே.

ஓரங்களின் பளபளப்பு மங்கும்வரை காத்திருந்தேன். அதற்குள் அவர் சரிந்துவிட்டார். அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அப்புறம்தான் தாழ்ப்பாளை எடுத்தேன்.

ஆமாம் சார், ஏன் தட்டினார் என்று எனக்குத் தெரியும். கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள். அவர் கையில் இரும்பு உருளை இருந்தது. முகத்துக்கு நேரே கண்ணாடி. ஓங்கி ஒரு அடி போதும். அடிக்கவில்லை. கண்ணாடித் தூள் ஈரப் பசையில் விழும் என்று அவருக்குத் தெரியும்.

கடைசிவரை அவர் என் பக்கம்தான் இருந்தார், சார்.