பாதி டேங்க்

கமலவேணி: ...தலை பூரா ஷாம்பூ போட்டுக்கினு நிக்கிறா என் பொண்ணு! பிளம்பர்னு உன்னக் கூப்ட்டா, நீ இன்னாடான்னா டேங்க தட்டிப் பாத்துக்கினு இருக்க!

ஜம்புலிங்கம்: தட்டுனாத்தான்க்கா தெரியும். இங்க மேல தட்டுனா டொங்குன்னுது... காலி. கீழ தட்டுனா பொத்துன்னுது... தண்ணி. பாதி டேங்க் இருக்குது.

கமலவேணி: பாதி இருந்தா என் வீட்டுக்கு ஏன் வரல? போர்ல தண்ணி ஊறற வரைக்கும் மோட்டாரும் போட முடியாது.

சௌம்யா: அம்மா, கத்தாத, கண்ணு எரியுது. ஜம்பு மாமா, ஏழேகாலுக்குக் காட்பாடில ட்ரெய்ன். லேட்டாப் போனா ஃபேக்டரில கேட்ட மூடிடுவாங்க. அதுலருந்து ஒரு பக்கெட்டாவது மொண்டு குடுங்க.

ஜம்புலிங்கம்: தர்றேன் பாப்பா. மொதல்ல இத சொல்லு. குழாய் நின்னப்ப எப்டி நின்னுச்சு?

சௌம்யா: எப்டின்னா... நல்லா வந்துக்கினே இருந்துச்சு. திடீர்னு புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து. அவ்ளோதான்.

ஜம்புலிங்கம்: கடைசில கலங்கலா, மண்ணு கலர்ல வந்துச்சா?

சௌம்யா: இல்லயே. கடைசி வரைக்கும் பளிங்கு மாதிரிதான் வந்துச்சு.

ஜம்புலிங்கம்: ம்...

கமலவேணி: இன்னா ம்? டாக்டரு மாதிரி ம் போடாத.

ஜம்புலிங்கம்: டேங்க் நெஜமாவே காலியாச்சுன்னா, அடில தங்குன வண்டலும் சேந்து வரும்க்கா. சுத்தமான தண்ணி வந்துக்கினே இருந்து திடீர்னு காத்து வந்தா, டேங்க் காலியாவலன்னு அர்த்தம். தண்ணி எறங்கிடுச்சு, பைப்போட வாய் மேல நிக்குது. வாய்ல காத்து பூந்துக்குது.

கமலவேணி: ரெண்டு மாசம் மெட்ராஸ்ல கெடந்துட்டு வந்து வாத்தியாரா மாறிட்டியா நீ? நாலு நாளா எனக்குப் பாதில தண்ணி நின்னுடுது. ஆனா மாடி ரூமுக்கெல்லாம் ஜோரா வருது! இந்த மூணாம் நம்பர்க்காரி அரை மணி நேரமா துணி தொவைக்கிறா. சத்தம் கேக்குதா? நாங்க காஞ்சு கெடக்கறோம், அவங்க கூத்தடிக்கிறாங்க.

சௌம்யா: கூத்தாம்மா அது? அவங்க வீட்டுக்காரருக்கு வயித்துல ஆபரேஷன். சனிக்கெழமதான் தையல் பிரிக்கறாங்க. கட்டு நனைஞ்ச துணியத் தொவைக்காம இன்னா பண்ணுவாங்க? அப்றம், அவங்களுக்குப் பேரு இருக்குது. ஜஹீதா.

கமலவேணி: பேரு ஆதார் ஜெராக்ஸ்ல இருக்குது. எனக்கு ரூம் நம்பர் போதும்.

ஜம்புலிங்கம்: ஒரு நிமிஷம்க்கா, போனு... ஆங், சொல்லுங்க பாய்... எப்பலருந்து?... புஸ்ஸுன்னா?... சரி, சரி. நீங்க எதையும் தொடாதீங்க, நானே வர்றேன்.

கமலவேணி: யாரு?

ஜம்புலிங்கம்: கடைசி வீட்டு அமீர் பாஷா பாய்.

கமலவேணி: அவருக்கு இன்னாவாம்?

ஜம்புலிங்கம்: அது... அது ஒரு வேலக்கா. அப்றம் போவேன்.

கமலவேணி: என் வேலய முடிக்காம இந்த மாடிய விட்டு எறங்காத. ஞாயித்துக்கெழமதான நீ டேங்க் கழுவிட்டுப் போன? நான் கூப்டக்கூட இல்ல, நீயா வந்து கழுவுன. அப்ப எல்லாம் நல்லாத்தான இருந்துச்சு?

ஜம்புலிங்கம்: கழுவுனேன்.

கமலவேணி: அதுக்கப்றம் எவளோ ஏறி கைய வெச்சிருக்கா. இங்க வா. இந்தப் பைப்பு துண்டப் பாரு. மத்ததெல்லாம் வெயில்ல பழுப்பேறிக் கெடக்குது. இது மட்டும் வெள்ள வெளேர்னு இல்ல? வளையற எடத்துல இந்த ரெண்டு எல்போவும் புதுசு!

ஜம்புலிங்கம்: கண்ணு நல்லாத்தான் இருக்குது உனக்கு.

சௌம்யா: மாமா, ஒரு டேங்குக்கு எதுக்கு ரெண்டு பைப்பு?

கமலவேணி: நீ கீழ போய் தலையக் கழுவுடி.

சௌம்யா: எச்சில் துப்பியா கழுவறது? சொல்லுங்க மாமா, ஒண்ணு மேல இருந்து போவுது, ஒண்ணு அடில இருந்து போவுது. எதுக்கு?

கமலவேணி: ஜம்பு...

சௌம்யா: நீ ஏன் அவர கண்ணால அதட்டற?

ஜம்புலிங்கம்: சொல்லிடறேன்க்கா. இவ்ளோ வயசாச்சு பொண்ணுக்கு... பாப்பா, இந்த டேங்குக்கு ரெண்டு ஓட்டை. ஒண்ணு அடில. இன்னொண்ணு பாதி ஒசரத்துல. அடில இருக்கறது உங்க வீட்டுக்கு. பாதில இருக்கறது மாடி ரூமுங்களுக்கு. டேங்க் ரொம்பி இருக்கறப்ப எல்லாருக்கும் வரும், ஒரு வித்தியாசமும் தெரியாது. தண்ணி பாதிக்கு எறங்குச்சுன்னு வெச்சுக்க, ரூம்ல காத்து வரும். மிச்சம் ஐந்நூறு லிட்டரு உங்களுக்கு மட்டும்.

சௌம்யா: எங்களுக்கு... மட்டுமா?

ஜம்புலிங்கம்: மோட்டார் சுவிட்சும் உங்க வீட்டுக்குள்ள. அப்டித்தான் போட்டேன்.

கமலவேணி: இதுல இன்னா தப்பு? நாலு பேரு தங்கறேன்னு எழுதிட்டு எட்டு பேரு தங்கறாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குன்னு ஊரு ஊரா வர்றாங்க, சமைக்கறாங்க, மீனு கழுவறாங்க, குழாயத் தொறந்து வுட்டுட்டு போன் பேசறாங்க. எல்லாத்தையும் அவங்களே ஊத்திட்டாங்கன்னா என் வீட்டுக்கு? நான் எங்க போய் நிப்பேன்?

சௌம்யா: போன சனிக்கெழம அந்தக்கா காலி பக்கெட்டோட கீழ வந்து நின்னாங்கள்ல...

கமலவேணி: அதுக்கு இன்னா இப்ப?

சௌம்யா: "டேங்க் காலி, எங்களுக்கும் வரலன்னு சொல்லிட்டு வா"ன்னு நீ என்ன அனுப்புன. எனக்கு ஹிந்தி கொஞ்சம் வரும்னு! நான் போய் சொன்னேம்மா. ஹமாரா பி பானி நஹின்னு கைய விரிச்சுக் காட்டுனேன். அவங்க என்னப் பாத்து, "பரவால்ல பேட்டி"ன்னு மகளக் கூப்புடற மாதிரி சொல்லிட்டுப் போனாங்க. உள்ள நம்ம வாஷிங் மெஷின் சுத்துது!

கமலவேணி: அது கார்ப்பரேஷன் தண்ணி...

சௌம்யா: பொய்! அன்னிக்கும் இதத்தான் சொன்ன. நம்புனேன் பாரு, என்ன செருப்பால அடிக்கணும். தெனம் ஆயிரம் ஷூவத் திருப்பித் திருப்பி செக் பண்றேன், ஒரு தையல் வெலகுனாக்கூட ரிஜெக்ட் பண்றேன். சொந்த வீட்டு டேங்குல ஓட்டை இருக்கறது தெரியல எனக்கு!

கமலவேணி: ரொம்ப ஆடாத. நீ தெனம் போட்டுக்கற யூனிஃபார்மு அந்தத் தண்ணில தொவைச்சதுதான். ...ஜம்பு, கதை போதும். ரெண்டு பைப்பையும் மாத்திப் போட்டிருக்கு, ஆமாவா இல்லயா?

ஜம்புலிங்கம்: ஆமா. அடி ஓட்டை இப்ப ரூமுக்குப் போவுது. பாதி ஓட்டை உனக்கு வருது.

கமலவேணி: சொன்னேன்ல! அவ மச்சினன் ஊர்ல மேஸ்திரி. ஆபரேஷன் அன்னிக்கி வந்தவன், துணி காயப் போடறேன்னு மாடிக்கு வந்து டேங்கையே மொறச்சுப் பாத்துக்கினு இருந்தான். அவன் வேலதான் இது.

சௌம்யா: பாத்தா ஆச்சா?

கமலவேணி: போதும் எனக்கு. காலைலயே சொல்லிட்டேன் அவகிட்ட, எட்டு மணிக்குள்ள ரூம் காலி பண்ணணும்னு. ஆட்டோ வந்து கேட்டாண்ட நிக்குது.

சௌம்யா: தையலோட ஒரு மனுஷன எங்கம்மா அனுப்பற?

கமலவேணி: ஊர் பூரா ரூம் இருக்குது.

சௌம்யா: ஊர் பூரா ரெண்டு ஓட்டையும் இருக்குது!

கமலவேணி: ஜம்பு, நீ ஏன்டா தலையக் குனியற?

ஜம்புலிங்கம்: போனு அடிக்குதுக்கா... ஹலோ. சங்கீதா மேடமா... ஆமா மேடம்... மாடில வருது, கீழ வரலயா... தெரியும். அரை மணி நேரத்துல வர்றேன்.

கமலவேணி: இன்னா, எல்லாருக்கும் இன்னிக்கே பேஜாரு?

சௌம்யா: அம்மா, நான்தான் மாத்துனேன்.

கமலவேணி: இன்னாது?

சௌம்யா: பைப்ப. நான்தான். அவங்கள வுட்டுடு.

கமலவேணி: ரெண்டு ஓட்டை இருக்குதுன்னே இப்பதான்டி தெரிஞ்சுது உனக்கு! பொய் சொல்றவ மூஞ்சி, ஷாம்பூ நொரையோட நிக்குது பாரு. எறங்கு கீழ. ஆட்டோக்காரர்கிட்ட சாமான ஏத்தச் சொல்லு.

ஜம்புலிங்கம்: ஏத்த வேணாம் பாப்பா.

கமலவேணி: நீ யார்ரா நடுவுல?

ஜம்புலிங்கம்: மாத்துனவன்.

கமலவேணி: நீயா?

ஜம்புலிங்கம்: அந்தம்மா இல்ல. அவங்க மச்சினனும் இல்ல. ஞாயித்துக்கெழம டேங்க் கழுவறேன்னு வந்தேன்ல... கழுவிட்டு, மாத்திட்டேன். ரெண்டு துண்டு பைப்பு, ரெண்டு எல்போ, கொஞ்சம் பேஸ்ட்டு. அரை மணி நேர வேல.

கமலவேணி: அடப்பாவி! அக்கா அக்கான்னு என் வீட்டுச் சோத்தத் தின்னுட்டு... வந்ததுலருந்து டொங்கு, பொத்துன்னு தட்டித் தட்டி நாடகமா போட்ட?

ஜம்புலிங்கம்: நாலு நாளு நீயும் அந்தக் காத்தக் கேக்கட்டும்னு நெனச்சேன். அந்தம்மாவப் புடிச்சு வெளிய தள்ளுவன்னு நெனைக்கல. அது என் தப்பு.

கமலவேணி: நான் உனக்கு இன்னாடா கெடுதி பண்ணேன்?

ஜம்புலிங்கம்: மெட்ராஸ்ல ரெண்டு மாசம் இன்னா பண்ணன்னு ஒரு நாளாவது கேட்டியா?

கமலவேணி: உன் பொண்டாட்டி பாக்யத்துக்கு ஆபரேஷன்னு தெரியும். நல்லாதான இருக்கா?

ஜம்புலிங்கம்: இருக்கா. போரூர் தாண்டி ஒரு வீட்டு மாடில ரூம் எடுத்திருந்தேன். இதே மாதிரி ரூம்தான். அடுப்பு ஒண்ணு, கட்டிலு ஒண்ணு. ஆஸ்பத்திரிலருந்து கூட்டியாந்த மறுநாள் காலைல, அவளுக்கு வயிறு போய்டுச்சு. எழுந்துக்க முடியல, கட்டில்லயே... தூக்கினு போய் பாத்ரூம்ல உக்கார வெச்சு கழுவறேன். பாதில குழாய் புஸ்ஸுன்னுச்சு.

சௌம்யா: மாமா...

ஜம்புலிங்கம்: கைல புடிச்சுப் பாத்தேன் பாப்பா. கடைசித் தண்ணி பளிங்கு மாதிரி இருந்துச்சு. ஒரு பொட்டு வண்டல் இல்ல. எனக்குத் தெரியாதா? என் தலைக்கு மேல ஐந்நூறு லிட்டரு நிக்குது. அவ வெக்கத்துல கண்ண மூடிக்கினு, "தண்ணி ஊத்துங்க, தண்ணி ஊத்துங்க"ன்றா. ஈரக் கையோட எறங்கிப் போய் கதவத் தட்டுனேன். வீட்டுக்காரம்மா வந்தாங்க. "டேங்க் காலிப்பா, எங்களுக்கும் வரல"ன்னாங்க. பின்னாடி குக்கர் கழுவற சத்தம் கேக்குது.

கமலவேணி: எவளோ மெட்ராஸ்காரி பண்ணதுக்கு என் வீட்டுப் பைப்ப மாத்துவியா?

ஜம்புலிங்கம்: அந்த வார்த்தை யாரோடதுன்னு நெனைக்கற? இந்தப் பைப்ப போட்ட அன்னிக்கி இதே எடத்துல நின்னுக்கினு, "யாராவது கேட்டா, டேங்க் காலி, எங்களுக்கும் வரலன்னு சொல்லிடுக்கா"ன்னு உனக்கு சொல்லிக் குடுத்தது யாரு? நான்தான? அந்த மெட்ராஸ் அம்மா மேல எனக்குக் கோவம் வரலக்கா. உன் மேல கொஞ்சம். என் கை மேலதான் ஜாஸ்தி.

சௌம்யா: ஆட்டோண்ணா! சவாரி இல்ல, நீங்க போங்க! ஜஹீதாக்கா... ரூம் காலி நை! சாமான் அந்தர் ரக்கோ, உள்ளயே வைங்க!

கமலவேணி: யாரக் கேட்டுடி அனுப்பற?

சௌம்யா: யாரையும் கேக்கல. சனிக்கெழம தையல் பிரிக்கற வரைக்கும் அவங்க இங்கதான். தள்ளணும்னா என்னத் தள்ளு.

கமலவேணி: ரெண்டு பேரும் சேந்துக்கினு... டேய், பழையபடி மாத்து. இப்பவே!

ஜம்புலிங்கம்: மாத்த மாட்டேன். வேணும்னா ரெண்டு பைப்பையும் அடிலயே குடுக்கறேன். இருந்தா ரெண்டு பேருக்கும் இருக்கும். தீந்தா ரெண்டு பேருக்கும் தீரும்.

கமலவேணி: நீ ஒண்ணும் கிழிக்க வேணாம். வெளிய போ! நான் இப்பவே தெருல எறங்கி வீடு வீடா சொல்றேன், நீ பண்ண துரோகத்த. அமீர் பாஷா பாய் வீட்ல சொல்றேன், சங்கீதா வீட்ல சொல்றேன். இந்தத் தெருல ஒருத்தரும் இனிமே உன்ன மாடி ஏற வுட மாட்டாங்க! ...திரும்ப அடிக்குது பாரு, அந்தப் போன எடுத்துத் தொல! யாரு?

ஜம்புலிங்கம்: எதிர்வீட்டு வேலு. காலைலருந்து ஆறாவது போனு... ஞாயித்துக்கெழமலருந்து நான் உன் டேங்க் ஒண்ணு மட்டும் கழுவலக்கா. இந்தத் தெருல ரெண்டு ஓட்டை போட்டுக் குடுத்த பதினாலு டேங்கையும் கழுவிட்டேன்.