பதினொன்றாவது வரி

லேமினேட் செய்த அட்டையின் நான்கு மூலைகளையும் வட்டமாக வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் விரலைக் கிழிக்கும். இது சின்ன விஷயம்தான், ஆனால் நான் செய்த எந்த அட்டையும் யார் கையையும் கிழித்ததில்லை.

இன்ஸ்பெக்டர் திவாகரன் அவர்களே, அன்றைக்கு நீங்கள் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டீர்கள். இந்த அட்டையைச் செய்தது நீங்களா என்றீர்கள். ஆமாம் என்றேன். விமானம் கிளம்புவதற்கு முன் அவர்கள் சோதனையில் எதையாவது விட்டிருப்பார்களா என்றீர்கள். தெரியாது என்றேன். இரண்டாவது பதில் பொய். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

கூலிமில் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது வருடங்களாகத் தரப் பரிசோதகனாக இருக்கிறேன். எந்தத் திருகை முதலில் முடுக்க வேண்டும், எதை இரண்டாவதாக முடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. அதனால் என் மனைவி பிரிஜெட்டின் அண்ணன் மார்க்கஸ், பாடாங் செராயில் தன் வீட்டுப் பின்னறையில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரை அமைத்தபோது, சோதனை அட்டைகளை என்னிடம் கேட்டது இயல்புதான். மூன்று திரைகள், பழைய புரோட்டோன் காரிலிருந்து கழற்றிய இரண்டு இருக்கைகள். இடது பக்கம் மச்சான். வலது பக்கம் நான்.

ஆறு வருடங்கள் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கூடத் தவறியதில்லை. நான் ஒரு வரியைப் படிப்பேன். அவர் அந்தப் பொத்தானைத் தொட்டு "செக்" என்பார். அதற்குப் பிறகுதான் அடுத்த வரி. பினாங்கிலிருந்து அலோர் ஸ்டார், அங்கிருந்து லங்காவி என்று நாற்காலியை விட்டு எழாமலே சுற்றி வந்தோம். அட்டையில் இருப்பதைச் செய், இல்லாததைச் செய்யாதே என்பது நான் போட்ட சட்டம். டயர் கடை முதலாளி, யார் பேச்சையும் கேட்காதவர், அந்த இருக்கையில் மட்டும் என் பேச்சைக் கேட்பார். எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சிமுலேட்டருக்கு அட்டை செய்யும்போது, அசல் விமானத்தின் கையேட்டிலிருந்து சில வரிகளை எடுத்துவிட வேண்டும். திரையில் டயருக்குக் காற்றுக் குறையாது, இறக்கையில் குளவி கூடு கட்டாது. அப்படிப் பதினொரு வரிகளை எடுத்திருந்தேன். அதில் ஒன்று, டாங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குழாயில் வடித்து, தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது. டாங்க் மூடி வழியாகக் கசியும் மழைத் தண்ணீர் பெட்ரோலுக்கு அடியில் தங்கும். கொஞ்சம் போனாலும் இன்ஜின் நின்றுவிடும்.

பிறகு மச்சான் நிஜமாகவே ஓட்டக் கற்று, லைசென்ஸ் எடுத்தார். போன ஆண்டு இரண்டு இருக்கை விமானம் ஒன்றைப் பழசாக வாங்கினார். கோத்தா கோலா மூடா போகிற வழியில், செம்பனைத் தோட்டத்துக்குள், முன்பு மருந்தடிக்கும் விமானம் இறங்கிய மண் பாதை இருக்கிறது. அங்கே கான்வாஸ் போர்த்தி வெட்டவெளியில் நிறுத்தியிருந்தார். வலது இருக்கை எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கினேன். முதல் நாள் அவர் தன் கூட்டாளி பிரெடியை ஏற்றிக்கொண்டார்.

"மாப்ள, ஒனக்குப் பிரஷர் இருக்கு. மேல போயி ஏதாச்சும் ஆச்சுன்னா பிரிஜெட்டுக்கு யாரு பதில் சொல்றது? நீ கார்டு போட்டுக் குடு, அது போதும் லா."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் கேண்டீனில் தே தாரிக் குடிக்கும்போது, பத்துப் பேர் முன்னால் என் தோளில் தட்டினார். "ஜூலியஸ் கேம் ஓட்றதுல கில்லாடி. நெசம் வேற லா." எல்லாரும் சிரித்தார்கள். பிரிஜெட்டும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று மத்தியானம் கணினி முன் உட்கார்ந்து அசல் விமானத்துக்கு அட்டை செய்தேன்.

எடுத்த வரிகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தேன். பத்து வரிகள் அடங்கின. பதினொன்றாவது வரி அடுத்த பக்கத்துக்குப் போனது. ஓர் அட்டை, ஒரு பக்கம் என்பது என் வழக்கம். எழுத்தை ஒரு புள்ளி குறைத்திருந்தால் அடங்கியிருக்கும். குறைக்கவில்லை. அந்த வரியை அழித்தேன். மச்சான் ஓட்டக் கற்ற விமான கிளப்பில் பெட்ரோலை வடித்துப் பார்ப்பது மெக்கானிக்கின் வேலை, அவருக்கு அந்தப் பழக்கமே இல்லை. இதுவும் எனக்குத் தெரியும்.

யாரும் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பிரெடி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, இன்ஜின் தரையிலேயே இருமி நின்றுபோகும், மச்சான் முகம் சுண்டும், பிறகு மறுபடி என்னைத் தேடி வருவார் என்றுதான் நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆறு ஞாயிறுகள் ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் சிரித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்து நெஞ்சு ஆறும். இன்றைக்குச் சொல்லிவிடலாம், வேறு அட்டை கொடுத்துவிடலாம் என்று நினைப்பேன். புது அட்டையை அந்தப் பதினொன்றாவது வரியையும் சேர்த்து அச்சடித்து, மூலை வெட்டி, காரில்கூட வைத்திருந்தேன். கொடுத்தால் பழையதில் ஏன் இல்லை என்று கேட்பார். அந்த வெட்கத்துக்குப் பயந்தேன். பூசையில் நற்கருணை வாங்கப் போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். பிரஷர் மயக்கம் என்று பிரிஜெட் நினைத்துக்கொண்டாள். நவம்பர் வந்தது. மழையைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

ஏழாவது ஞாயிறுக்கு முன்னால் மூன்று நாள் விடாமல் கொட்டியது. ஞாயிறு காலை கொஞ்சம் வெளுத்தது. பிரெடி வரவில்லை. மச்சான் கான்வாஸை இழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாப்ள, ஏறு. இன்னிக்கு வலது சீட்டு ஒனக்குத்தான். நானும் ரொம்பத்தான் பண்ணிட்டேன், மனசுல வச்சிக்காத."

ஆறு வருடங்களாக நான் காத்திருந்த வார்த்தை அது. இன்ஜின் தரையிலேயே நின்றுவிடும் என்று நம்புகிறவன் உடனே ஏறி உட்கார்ந்திருப்பான்.

"காலையில மருந்து போடல மச்சான். தல சுத்துது" என்றேன்.

"சரி, விடு."

அவருடைய மகள் நிகோல் எங்களோடு வந்திருந்தாள். இருபத்திரண்டு வயது, தாதிப் பயிற்சியின் கடைசி வருடம். பின்னறையில் எங்கள் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவள்.

"டாடி, நான் வரேன். மாமா, இந்தக் கொடையப் புடிங்க. கார்டு நான் படிக்கிறேன்."

குடையை வாங்கிக்கொண்டேன். "வேண்டாம்" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். என் கார் பத்தடி தள்ளி நின்றது. புது அட்டை அதற்குள் இருந்தது. நான் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது மட்டும்தான் அப்போது என் மனதில் இருந்தது.

செம்பனை உச்சியைத் தாண்டியதும் சத்தம் நின்றது. அதற்குப் பிறகு நடந்தது உங்கள் அறிக்கையில் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் குடை இன்னும் என் வீட்டில் இருக்கிறது. பிரிஜெட் அதைக் காயவைத்து, மடித்து, கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறாள். இந்தக் கடிதத்தை அவள் இன்னும் படிக்கவில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நான் இறக்கைப் பக்கமாகவே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நிகோல் நிதானமாக, என்னைப் போலவே ஒவ்வொரு வரிக்கும் கட்டைவிரலை நகர்த்திப் படித்தாள். மச்சான் "செக்" என்று சொன்ன பிறகுதான் அடுத்ததற்குப் போனாள். அவர்கள் எதையும் விடவில்லை ஐயா. அந்தப் பிள்ளை நான் கொடுத்த அட்டையில் ஒரு வரியைக்கூட விடவில்லை.