வெளுத்த பக்கம்

— கழட்டினதை அப்படியே திருப்பி மாட்டிடலாம்னு சொல்றீங்களா? பெயின்ட் அடிக்கத்தானே அண்ணே வண்டியைக் கொண்டு வந்தேன்.

— அடிக்க மாட்டேன்னு சொல்லலைம்மா. அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன், அவ்வளவுதான். இந்த ஃபெண்டர் ஃப்ளேர் இருக்கே…

— எது, சக்கரத்துக்கு மேல புருவம் மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குதே, அதுவா?

— புருவம். நல்ல பேராத்தான் இருக்கு. இந்தப் புருவம் கம்பெனியிலேர்ந்து வர்றப்பவே கறுப்பு பிளாஸ்டிக்தான், சொரசொரன்னு. காரணம் இல்லாம இல்ல. காட்டுலயும் மேட்டுலயும் போறப்ப கல்லு தெறிக்கும், முள்ளு கீறும். சொரசொரப்புல கீறினா கண்ணுக்குத் தெரியாது. அதுக்கு வண்டி கலர்லயே வழவழன்னு பெயின்ட் அடிச்சா அழகுதான், நான் இல்லேங்கலை. மாப்பிள்ளை மாதிரி நிக்கும். ஆனா ஒரு தடவை மலை ஏறி இறங்கட்டும், மாப்பிள்ளை மூஞ்சி முழுக்க அம்மைத் தழும்பு.

— அப்போ அடிக்கவே கூடாதா?

— வண்டி எங்க ஓடுதுங்கிறதைப் பொறுத்தது. ஊருக்குள்ள ஓடுற வண்டின்னா அடிங்க. மலைக்குப் போற வண்டின்னா கறுப்பாவே விட்டுடுங்க.

— மலைக்குத்தான் போகுது, ஞாயித்துக்கிழமை தவறாம. என் வீட்டுக்காரர் அதுக்குன்னே இருக்கிற ஒரு குழுவுல சேர்ந்து ரெண்டு வருஷமாச்சு. மேல ஒரு ஏரி இருக்கு, அது வரைக்கும் ஏத்திட்டுப் போவாங்க.

— இந்த வண்டியையா?

— ஏன் இழுக்கிறீங்க?

— ஒண்ணுமில்லம்மா. என்ன கலர்னு சொல்லுங்க, அடிச்சுடலாம்.

— இப்போதானே அடிக்காதீங்கன்னீங்க?

— அழகுக்கு அழகு ஆச்சு. நாலு பேர் பாத்தா நல்லா இருக்கும்.

— அண்ணே, நான் பள்ளிக்கூட வாத்தியாரம்மா. பேச்சை மாத்துற பசங்களுக்கு நடுவுலதான் என் பொழப்பே ஓடுது. என்ன பாத்தீங்க, சொல்லுங்க.

— என்னத்தைப் பாத்தேன்? மலை ஏறுற வண்டியில இதைக் கழட்டினா உள்ளேர்ந்து ஒரு தொட்டி மண்ணு கொட்டும். பூச்செடி வைக்கலாம். உங்க வண்டியில நாலையும் கழட்டினேன், வெத்தலைக்குத் தடவுற சுண்ணாம்பு அளவு கூட அழுக்கு இல்ல. அதான் கேட்டேன். சார் ரொம்ப சுத்தக்காரரா இருக்கலாம்.

— சுத்தக்காரரா? குளிச்ச துண்டைக் கட்டில் மேல போடுற மனுஷன். ஆனா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும் வண்டியைக் கழுவித்தான் வீட்டுக்குக் கொண்டு வருவார். வாசல் அழுக்காகக் கூடாதுன்னு நினைக்கிறாரேன்னு நான் தங்கச்சிகிட்டே பெருமையடிச்சிருக்கேன்.

— அப்புறம் என்ன, விஷயம் தீந்துச்சு. கழுவியிருக்கார்.

— அது இருக்கட்டும். இந்த ரெண்டு மட்டும் ஏன் சாம்பல் பூத்த மாதிரி இருக்கு? அந்த ரெண்டும் புதுக் கறுப்பா இருக்கே. மாத்தினதா?

— மாத்தலை. நாலும் ஒரே வயசு. பூச்சு இல்லாத பிளாஸ்டிக்குக்கு வெயில் ஆகாதும்மா. தலைமுடி மாதிரி நரைச்சுப் போயிடும். பெயின்ட் அடிச்சிருந்தா இது தெரிஞ்சிருக்காது.

— வெயில்னா நாலும்தானே நரைக்கணும்?

— ஓடுற வண்டின்னா நாலும் நரைக்கும்.

— நிக்கிற வண்டின்னா?

— அம்மா, நான் பெயின்டர். ஜோசியர் இல்ல.

— நரைச்சது ரெண்டும் எந்தப் பக்கம்?

— இடது பக்கம். முன்னது, பின்னது.

— வீட்டுல வண்டி ஷெட்டுக்குள்ள நிக்குது. ஆபீஸ்ல தரைக்குக் கீழ. வாரம் முழுக்க வெயிலே படாது. அப்போ ஞாயித்துக்கிழமை எங்கேயோ ஒரே இடத்துல, ஒரே பக்கம் பாத்து, காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நிக்குது. ரெண்டு வருஷமா. யார் வீட்டு வாசல்லன்னுதான் தெரியணும்.

— அம்மா, அம்மா. எடுத்த உடனே அங்க போகாதீங்க. நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும். குடும்பத்துல கல்லைப் போட்ட பாவம் எனக்கு எதுக்கு?

— நீங்க போடலைண்ணே. வெயில் போட்டிருக்கு. அவர் எந்த வாசல்ல நின்னா எனக்கென்னன்னு கூட விட்டுடுவேன், பெறகு பாத்துக்கலாம்னு. ஆனா வர்ற ஞாயித்துக்கிழமை என் பொண்ணைக் கூட்டிட்டுப் போறேன்னு இருக்கார். அவ அடுத்த வாரம் படிக்க வெளியூர் போறா. போறதுக்கு முன்னாடி அப்பா சொல்ற ஏரியை ஒரு தடவை பாத்துடணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. அப்பாவும் பொண்ணும் வண்டி பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கணும், அதுக்கு நல்லா இருக்கட்டும்னுதான் அவருக்குத் தெரியாம இந்தப் பெயின்ட் வேலையே. மலையே ஏறாத ஆளு என் குழந்தையை வெச்சுக்கிட்டு அந்த மலையை ஏறப் போறாரா?

— சாரையே கேட்டுடுங்களேன்.

— கேட்கத்தான் போறேன். வண்டியில ஏதோ சத்தம் வருது, உடனே இங்க வாங்கன்னு போன்ல செய்தி அனுப்பிட்டேன். வண்டின்னா பறந்து வருவார். எனக்குக் காய்ச்சல்னு சொல்லியிருந்தா மாத்திரை இருக்கான்னு கேட்டிருப்பார்.

— அப்போ நான் உள்ள போய் கொஞ்சம் வேலை பாக்கிறேன்.

— நீங்க எங்கேயும் போகக் கூடாது. அதோ, வந்துட்டார்.

— என்னம்மா ஆச்சு? என்ன சத்தம்? முன்னாடியா, பின்னாடியா? ஐயோ, ஃப்ளேரையெல்லாம் யாரு கழட்டினது?

— நான்தாங்க கழட்டச் சொன்னேன். உக்காருங்க. போன ஞாயித்துக்கிழமை எங்க போனீங்க?

— என்ன கேள்வி இது? மலைக்கு.

— மேல வரைக்கும்?

— அதாவது… ஏரி வரைக்கும்.

— ஏரி எப்படி இருந்துச்சு?

— தண்ணி கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு. நடுவுல ஆமை முதுகு மாதிரி ஒரு பாறைன்னு சொல்வேனே, அது நல்லா வெளிய தெரிஞ்சுது. வெள்ளைப் பறவை ஒரு கூட்டம் வந்து இறங்கிச்சு.

— அண்ணே, அந்த ரெண்டு சாம்பல் புருவத்தையும் இங்க கொண்டு வாங்க. பக்கத்துல கறுப்பையும் வைங்க. ஏங்க, இதைப் பாத்துட்டு மறுபடியும் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை வண்டி எங்க நிக்குது?

— சார், நான் எதுவும் சொல்லலை சார். வெளுத்திருக்குன்னு மட்டும்தான் சொன்னேன்.

— யாருங்க அவ?

— எவ? ஐயையோ. அங்க வரைக்கும் போயிட்டியா? அதாவது… அடிவாரத்துல நிக்குது. நானும் அங்கதான் இருப்பேன்.

— அடிவாரத்துலன்னா?

— மலை ஆரம்பிக்கிற இடத்துல. வலது பக்கம் மலை, நிழலா இருக்கும். இடது பக்கம் வெட்டவெளி. அதான் அந்தப் பக்கம் மட்டும் வெளுத்துப் போச்சு போல. நான் இதைக் கவனிக்கவே இல்ல பாரேன்.

— அப்புறம் அதிசயப்படலாம். நீங்க ஏறினதே இல்லையா?

— முதல் தடவை ஏறிப் பாத்தேன். முதல் வளைவுக்கு முன்னாடி ஒரு ஏத்தம் வரும். மூக்கு தூக்கிக்கும். கண்ணாடியில ரோடு தெரியாது, வானம்தான் தெரியும். பின்னாடி எங்கேயோ போகுதுன்னு தோணிச்சு, பிரேக்கை மிதிச்சா காலு ஆடுது. நான் மிதிக்கிறேனா, அதுவா ஆடுதான்னே தெரியலை. அப்படியே பின்னால இறக்கிக் கொண்டு வந்து நிறுத்தினேன். அன்னையிலேர்ந்து நிறுத்தின இடத்துலயே நிறுத்தறேன்.

— வீட்டுல சொல்றதுக்கு என்ன?

— எப்படிச் சொல்றது? நீதான் உங்க அக்கா வீட்டுக்காரர்கிட்ட, எங்க வீட்டுக்காரர் மலையையே புரட்டுறவர்னு சொல்லிட்டே. அவர் என்னைப் பாக்கிற பார்வையே மாறிப் போச்சு. அதுக்கு முன்னாடி கல்யாண வீட்டுல எனக்கு நாற்காலி கூட எடுத்துப் போட மாட்டார்.

— சார், ஒரு டீ சொல்லட்டுமா?

— சொல்லுங்க. தண்ணியும். அதாவது, நான் சும்மா உக்காந்திருக்கலைம்மா. கேப்டன்தான் சொன்னார், எல்லாரும் மேல போயிட்டா கீழ யாரு இருக்கிறது, அடிவாரம்தான் பெரிய பொறுப்புன்னு. வாக்கி டாக்கி குடுத்திருக்கார்.

— யாரு கேப்டன்? சல்யூட் அடிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்து ரெண்டு தட்டு சாப்பிட்டுட்டுப் போனாரே, அந்த மீசைக்காரரா?

— அவரேதான். முன்னாடி பல் டாக்டர் ஒருத்தர் இருந்தார், இடுப்பு வலின்னு நின்னுட்டார். இப்போ கேப்டனும் நானும்தான். அவர் தனியா மேல போவார். போயி வாக்கி டாக்கியில ஒவ்வொண்ணா சொல்லுவார். இப்போ ஏரிக்கரையில நிக்கிறேன், காத்து அடிக்குது, பாறை மேல பறவை உக்காருதுன்னு. நான் சீட்டைச் சாய்ச்சுக் கண்ணை மூடிக்குவேன். சத்தியமாச் சொல்றேன், எனக்குத் தெரியும் அந்த ஏரி. அதைத்தான் வீட்டுல வந்து சொன்னேன். ஒரு வகையில பொய்யே இல்ல.

— ஒரு வகையில. ஏன் ஒரு போட்டோ கூட இல்லைன்னு நான் கேட்டேனே?

— போட்டோ எடுக்கக் கூடாதுன்னு கேப்டன் ஒரு விதி வெச்சிருக்கார். கண்ணால பாத்து மனசுல வெக்கணுமாம்.

— நல்ல விதி. சரி, ஞாயித்துக்கிழமை பாப்பாவை வெச்சுக்கிட்டு என்ன பண்றதா இருந்தீங்க?

— தூக்கமே இல்ல. திடீர்னு வண்டி ரிப்பேர்னு சொல்லிடலாமான்னு பாத்தேன். அதான் நீ சத்தம் வருதுன்னு செய்தி அனுப்பினதும் ஓடி வந்தேன். நிஜமாவே ரிப்பேரா இருக்கக் கூடாதான்னு வேண்டிக்கிட்டே வந்தேன்.

— அழுகை வருதா, சிரிப்பு வருதான்னு தெரியலை எனக்கு. ரெண்டு வருஷம். வேற எவளாவது இருந்திருந்தா கூட எனக்கு என்ன திட்டறதுன்னு தெரிஞ்சிருக்கும்.

— திட்டேன்.

— இருக்கட்டும், வீட்டுல போய்த் திட்டறேன். இப்போ குழந்தை மனசை உடைக்க முடியாது. நீங்க ஏறவும் வேண்டாம். அப்பா அடிவாரத்துல பொறுப்பா இருக்கார்னு அவகிட்டே நானே சொல்லிக்கிறேன். கேப்டன் வண்டியில அவளை ஏத்தி விடுங்க. அவர் ரெண்டு வருஷமா ஏறி இறங்குற ஆளு, கண்ணைக் கட்டி விட்டாலும் போவார். அவ ஏரியைப் பாத்துட்டு வரட்டும்.

— நிஜமாவா? கோபம் இல்லையா? கேப்டன் சந்தோஷமா கூட்டிட்டுப் போவார். பொண்ணு வருதுன்னு நான் போன வாரமே சொல்லி வெச்சிருக்கேன். இரு, இப்பவே போன் போடுறேன்.

— சார், போன் போடாதீங்க.

— ஏன் பெயின்டரே?

— வேண்டாம் சார். பாப்பாவை அவர் வண்டியில ஏத்த வேண்டாம்.

— அண்ணே, மறுபடியும் இழுக்கிறீங்க.

— அம்மா, எங்க தொழில்ல ஒரு வண்டி சமாசாரத்தை இன்னொரு வண்டிக்காரர்கிட்ட சொல்லக் கூடாது. சொன்னா ஒருத்தரும் பட்டறைக்குள்ள கால் வெக்க மாட்டாங்க. காலையிலேர்ந்து ஏற்கெனவே நான் பேசினது அதிகம்.

— குழந்தை விஷயம்ணே. உங்களுக்கும் பிள்ளைங்க இருப்பாங்க.

— இருக்கு, ரெண்டு. சார், உங்க கேப்டன் வண்டி பச்சையா? பின்னாடி கழுகு ஸ்டிக்கர்?

— ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?

— நேத்து கொண்டு வந்து விட்டுட்டுப் போனார். நாலுக்கும் பச்சை அடிச்சு ஞாயித்துக்கிழமைக்குள்ள குடுத்துடணும்னு ஒரே பிடிவாதம்.

— பெயின்ட்டா? கேப்டனா? கறுப்பா விட்டாத்தான் காட்டு வண்டி, கலர் அடிச்சா பொம்மை வண்டின்னு சொல்றவர் அவர். என்னையே அடிக்க விடலை.

— அந்தத் தார்ப்பாய்க்குப் பின்னாடிதான் சார் கழட்டி வெச்சிருக்கேன். இன்னும் ஒரு கோட்டு கூட அடிக்கலை. நீங்களே போய்ப் பாருங்க.

— இரு, வர்றேன்.

— அண்ணே, அவர் வர்றதுக்குள்ள சொல்லுங்க. உள்ள மண்ணு இருந்துச்சா?

— பூச்செடி வைக்க முடியாதும்மா.

— ஏங்க, பாத்தீங்களா? அங்கயும் வெளுத்திருக்கா?

— வெளுத்திருக்கு. ரெண்டு மட்டும். ஆனா என்னோடது மாதிரி இல்லம்மா. இது வலது பக்கம்.

— வலது பக்கம்னா? அங்கதான் மலை நிழல்னு சொன்னீங்க?

— அடிவாரத்துல அப்படித்தான். முதல் வளைவுல ரோடு அப்படியே எதிர்ப்பக்கம் திரும்பிடும். திரும்பிட்டா மலை இடது பக்கம் வந்துடும், வெயில் வலது பக்கம். வளைவு தாண்டின உடனே அகலமா ஒரு இடம் இருக்குன்னு கேள்வி. கீழேர்ந்து பாத்தா தெரியாது.

— நீங்க கீழ உக்காந்து வாக்கி டாக்கி கேக்கிறது, அவர் மேல உக்காந்து பேசறது. நடுவுல ஒரு வளைவு.

— பாறை மேல பறவை உக்காருதுன்னு அவ்வளவு தெளிவாச் சொன்னாரேம்மா.

— அப்போ, ஏங்க, அந்த ஏரியை யாருதான் பாத்தது?