மடைக்கல்லுக்குக் கட்டின காப்பு

ரொம்பக் காலத்துக்கு முந்தி, தண்ணிக்காக ஊரும் ஊரும் வெட்டிக்கிட்ட காலத்துல, செங்கமடைன்னு ஒரு ஊராம். அங்க முத்திருளாயின்னு ஒருத்தி. சண்டைக்குப் போறவன் கையில அவதான் மஞ்சக்கயித்துக் காப்புக் கட்டணும். அவ கட்டாம ஒருத்தனும் ஊர் எல்லையைத் தாண்ட மாட்டானாம்.

ஒரு வருசம் பக்கத்து ஊரு மேலக்குளத்தான் நம்ம கம்மாய்க் கரையை வெட்ட வந்துட்டான். கரை போனா ஊருக்கே கஞ்சி இல்லை. "போங்கடா, விடாதீங்கடா!"ன்னு கத்திக்கிட்டே எல்லாருக்கும் கட்டினாளாம். மூத்த மகனுக்கும் கட்டினாளாம். கரை பிழைச்சுது. மகன் பிழைக்கலை.

மறு வருசம் நாட்டாமைக்கு ஆசை வந்துச்சு. மேலக்குளத்தான் கம்மாயை நாம புடிச்சா என்ன? முத்திருளாயியை ஒரு வார்த்தை கேக்கலை. தப்பட்டை அடிச்சு, ஆள் திரட்டி, நேரா அவ வாசல்ல வந்து நின்னாராம். முதல் ஆளா அவ சின்ன மகன் ஒச்சப்பன், கையை நீட்டிக்கிட்டு.

"கட்டு ஆத்தா, நேரமாகுது."

"எதுக்கு?"

"எதுக்கா? போன தடவை தொண்டை கிழியக் கத்துனவ நீதானே? சண்டைன்னா உனக்குச் சக்கரைப் பொங்கலாச்சே!"

அவளுக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுதாம்.

"வீட்டுக்குள்ள பாம்பு வந்துச்சு, அடிங்கடான்னேன். அதுக்காகக் காட்டுல இருக்குற புத்தையெல்லாம் குத்தச் சொன்னேனா?"

"மூத்தவன் போனதும் கிழவிக்குப் பயம் வந்துருச்சுடோய்!"ன்னு ஒருத்தன் சிரிச்சான்.

"ஆமாடா, பயந்தான்! அவன் நம்ம கரையை மறுபடி வெட்ட வந்தா, இதே ஒச்சப்பனுக்கு நானே கட்டுவேன். களவாங்கப் போறதுக்குக் கட்ட மாட்டேன்."

சொல்லிட்டு, கயித்தையெல்லாம் அள்ளிக்கிட்டுக் கம்மாய்க்குப் போய், தண்ணி திறந்துவிடுற மடைக்கல்லுல சுத்திச் சுத்திக் கட்டிட்டாளாம். ஒச்சப்பன் நீட்டின கையை மடக்கிக்கிட்டான். காப்பில்லாம எவன் போவான்? ஒவ்வொருத்தனா வீட்டுக்குத் திரும்பிட்டான்.

நாட்டாமை சும்மா விட்டாரா? அவ வயலுக்குத் தண்ணியை நிறுத்தினாராம். மகன் செத்துக் காத்த தண்ணி, அவளுக்கு இல்லையாம்! இது எந்த ஊரு நியாயம்? வயல் வெடிச்சுக் கிடந்துச்சு. அவ கட்டின கயித்தை அவுக்கலை.

இன்னைக்கும் செங்கமடையில மனுசன் கைக்குச் சண்டைக்காப்புக் கிடையாது. கம்மாய் நிறைஞ்சா மடைக்கல்லுக்குத்தான் கட்டுவாங்க. அந்தக் கல்லுக்குப் பேரே முத்திருளாயி. நாட்டாமை வம்சத்துல ஒருத்தன் அவளைச் சண்டைக்காரிங்கிறான், இன்னொருத்தன் பயந்தாங்கொள்ளிங்கிறான். சொல்லிட்டுப் போகட்டும். மடை திறக்கணும்னா ரெண்டு பேரும் அவ முன்னாலதான் குனியணும்.