இன்னும் ஒரு படி

உங்கள் அறையில் வெளிச்சம் கொஞ்சம் கூடுதல், டாக்டர். குறையாகச் சொல்லவில்லை. தொழில் புத்தி, எங்கே போனாலும் முதலில் விளக்கைத்தான் பார்ப்பேன்.

என் தங்கையின் வலது கண்ணுக்குள் தீய்ந்த தழும்பு எப்படி வந்தது என்று கேட்டீர்கள். அவளை வெளியே உட்காரச் சொன்னது நல்லதாயிற்று. எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறவள்.

நான் ஒளியைப் படம் எடுப்பவன். முகங்களை எடுத்து எடுத்துச் சலித்துப்போய் இதற்கு வந்தேன். இருட்டறையில் லேசரை ஒரு கண்ணாடித் துண்டு வழியாக விட்டால், அலைகள் ஒன்றோடொன்று கலந்து சுவரில் வரிவரியாக விழும். எங்கே ஒளி, எங்கே இருள் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். விடை தெரிந்த பிறகு படம் எதற்கு? உயிருள்ள கண் மட்டும் என் கணக்குக்கு எட்டவில்லை. உள்ளே போய்த் திரும்பும் ஒளி நொடிக்கு நொடி வேறு வடிவம் காட்டும்.

என் தங்கை கைக்கடிகாரம் பழுது பார்ப்பவள். கடுகளவு திருகாணியை இமைக்காமல் பார்த்துப் பழகியவள். எனக்கு அதைவிடப் பொருத்தமான ஆள் எங்கே கிடைப்பார்? உங்கள் மேசையில் இருப்பதைப் போலவே தாடையை வைக்க ஒரு கட்டை செய்து கொடுத்தேன்.

"என் கண்ணுக்குள்ள அப்படி என்னத்தண்ணா தேடுற?" என்று சிரித்தாள்.

"மூளை இருக்கான்னு பாக்குறேன்" என்றேன். எங்களுக்குள் எப்போதும் இப்படித்தான்.

வலது கண்ணுக்குள் லேசரை விட்டு எடுத்த முதல் படம் மங்கல். மங்கலாக இருந்தால் எங்கள் தொழிலில் ஒரு படி கூட்டுவோம். ஒரு படி என்றால் வெளிச்சம் இரட்டிப்பு. அடுத்ததும் மங்கல், இன்னொரு படி. எட்டுப் படி ஏறினால் இருநூற்றைம்பத்தாறு மடங்கு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஏறுகிறவனுக்கு எப்போதும் ஒரு படிதான். ஒவ்வொரு முறையும் வலிக்கிறதா என்று கேட்டேன். "இல்லண்ணா, நீ எடு" என்றாள். விழித்திரைக்கு வலி தெரியாது என்று முன்பே படித்திருந்தேன். ஆகவே அவள் எனக்காகப் பொய் சொல்லவில்லை என்று நிம்மதியாக இருந்தது.

கடைசிப் படம் அற்புதமாக வந்தது. மறுநாள் கடையிலிருந்து கூப்பிட்டாள். "அண்ணா, பார்வைக்கு நடுவுல ஒரு கறுப்புப் பொட்டு நிக்குது. திருகாணியப் பாத்தா திருகாணியே காணாமப் போயிடுது."

தூக்கம் போதவில்லை என்று சொன்னேன். அந்தப் பொட்டு படத்தில் தெரிகிறதா என்று பார்க்க, சாயங்காலம் இன்னொரு முறை எடுத்தேன். தெரிந்தது. கடைக்காரர் அவளை வேலையை விட்டு நிறுத்தியபோது எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் நானே கைபிடித்து உங்களிடம் அழைத்து வந்தேன்.

அவள் இன்னும் என்னைத்தான் நம்புகிறாள். இடது கண்ணையும் எடுத்து ஒப்பிட்டால் கோளாறு என்னவென்று புரிந்துவிடும் என்று சொல்லியிருக்கிறேன். சரி என்றாள். நீங்கள் விட்ட சொட்டு மருந்தில் அந்தக் கண்மணி நன்றாக விரிந்திருக்கிறது, என்னால் ஒருபோதும் அவ்வளவு விரிய வைக்க முடிந்ததில்லை. அது எவ்வளவு நேரம் நிற்கும் என்று மட்டும் சொல்லுங்கள். நான் அவளை வற்புறுத்த மாட்டேன், டாக்டர். என் தங்கைக்கு ஒன்று என்றால் எனக்குத் தாங்காது.