லைட் எரியுதா?

உங்கள் ஜீப் ஐட்லிங்கில் துடிக்கிறது சார். உள்ளே வரும்போதே கவனித்தேன். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டச் சொல்லுங்கள், சரியாகிவிடும். ஒரு இன்ஜின் சரியில்லாமல் ஓடுவது காதில் விழுந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது.

சரி, ஹேமநாத் விஷயத்துக்கு வருகிறேன். நின்ற லாரிக்குள் கார் புகுந்து அவர் செத்ததற்கு நான் காரணமா என்று கேட்கிறீர்கள். நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

குரோம்பேட்டையில் பாலு என்றால் காரைக் கூடுதலாகப் பாயவைக்கிற மெக்கானிக் என்று எல்லோருக்கும் தெரியும். ஹேமநாத்தும் அதற்குத்தான் வந்தார். ஆட்டோமேட்டிக் வண்டி. பெரிய த்ராட்டில் பாடி போடச் சொன்னார். இன்ஜினுக்குக் காற்று போகிற வாசல் அது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் உள்ளே ஒரு தட்டு திறக்கும், காலை எடுத்தால் மூடும். போட்டுக் கொடுத்தேன். மறுநாளே டாஷ்போர்டில் இன்ஜின் கோளாறைக் காட்டுகிற செக் லைட் எரிந்தது, வண்டி இழுக்கவில்லை. ஸ்கேனரை மாட்டினேன். தட்டு சரியாக மூடவில்லை என்று எரர் கோட் காட்டியது. அழித்தேன், திரும்ப வந்தது. சென்சாரை மாற்றினேன், அப்போதும் வந்தது. சனியன் விடுவதாக இல்லை.

ஹேமநாத் சும்மா இருந்தாரா? எரிகிற லைட்டைப் படம் பிடித்து எங்கள் வாட்ஸாப் குரூப்பில் போட்டார். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் வண்டிப் பைத்தியம் பிடித்த அத்தனை பேரும் அதில் இருக்கிறார்கள். "பாலு அண்ணா கடையில தினமும் கார்த்திகை தீபம்" என்று கீழே எழுதினார். தினம் ஒரு படம், தினம் கேலி. எனக்குச் சோறு இறங்கவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது. அவர் மேல் அப்படி ஒரு ஆத்திரம்.

லைட்தானே அவருக்குப் பிரச்சினை? வண்டியின் கம்ப்யூட்டரில் அந்தக் கோட் வருகிற வழியையே அடைத்தேன். இனி தட்டு மாட்டிக்கொண்டாலும் லைட் எரியாது. வண்டி தானாகத் தன் வேகத்தை அடக்கிக்கொள்ளவும் செய்யாது.

ஓட்டிப் பார்க்காமல் சாவி கொடுக்கிற ஆள் நான் இல்லை. மாடம்பாக்கம் வரை போனேன். கோயில் தாண்டியதும் தட்டு திறந்தபடியே மாட்டிக்கொண்டது. காலை எடுத்த பிறகும் வண்டி பாய்கிறது. இரண்டு மூன்று தரம் மிதித்ததில் பிரேக் பெடல் கல்லாக இறுகிவிட்டது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன், ஓரம் கட்டினேன். அவ்வளவுதான் வைத்தியம். சொல்லிக் கொடுத்தால் யாரும் செய்யலாம்.

ஹேமநாத்திடம் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் குரூப்புக்குப் போகும். வண்டி எடுக்க மனைவி ஷர்மிளாவோடு வந்திருந்தார். நான்கு சக்கரத்துக்கும் நானே எலுமிச்சம்பழம் வைத்தேன். பழம் நசுங்கியதும் அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். "லைட் போச்சுண்ணா, சூப்பர்" என்றார் அவர். அன்றைக்குத்தான் எனக்கு ஒழுங்காகச் சோறு இறங்கியது.

ஞாயிறு காலை ஹேமநாத்திடமிருந்து போன் வந்தது. செங்கல்பட்டில் மாமியார் வீட்டுக்குப் போகிறார்கள், கூடுவாஞ்சேரி தாண்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஷர்மிளா உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மைதான் சார்.

"அண்ணா, வண்டி நிக்க மாட்டேங்குது. பிரேக்கும் பிடிக்கல. என்ன பண்ணணும், சீக்கிரம் சொல்லுங்க."

"லைட் எரியுதா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணா, எரியல. அண்ணா, ப்ளீஸ்..."

"அப்ப வண்டில ஒரு பேஜாரும் இல்ல. நீதான் இன்னாவோ தப்பா மிதிச்சிகினு கீற."

நியூட்ரல் என்கிற வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. பதற்றத்தில் மறந்துவிட்டான் என்று எழுதிவிடாதீர்கள், நான் எதையும் மறக்கவில்லை. சொன்னால் கோளாறு எனக்கு முன்பே தெரியும் என்று ஆகிவிடும். அந்தப் பக்கம் ஷர்மிளா "அண்ணா, அண்ணா" என்று கத்திக்கொண்டிருந்தாள். நான் போனைக் கட் பண்ணினேன்.

அதற்கப்புறம் போனைப் பிடித்துக்கொண்டு பட்டறைக்குள் இங்கும் அங்கும் நடந்தேன். மறுபடி கூப்பிட்டால் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன் சார், சத்தியமாக. அவர் கூப்பிடவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?