பின்னால் திரும்பிய பல்லக்கு

கொஞ்சம் முன்னால நகர்ந்து உட்காருங்க... ஒரு சின்னக் கதை சொல்றேன். ரொம்ப இழுக்க மாட்டேன், பயப்படாதீங்க.

கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம்? ரோட்டுல ஐந்நூறு கிலோமீட்டர். டீ குடிக்க நிறுத்தாம வந்தாலும் எட்டு மணி நேரம். பிளேன்ல? ஒரு மணி நேரம்தான்! கடலைப் பொட்டலத்தைப் பிரிச்சு மென்னு முடிக்கல... இறங்குன்றான். மலைப்பா இல்ல?

கோயம்புத்தூர்ல சென்னியப்பன்னு ஒரு லேத் பட்டறைக்காரர். விபத்துல மூளைச்சாவு. அவர் சம்சாரம் அழுதுகிட்டே, "அவரு இதயமாவது துடிச்சுட்டு இருக்கட்டுங்க"ன்னு சம்மதிச்சுது. இங்க சென்னையில மோனிஷான்னு ஒரு காலேஜ் பொண்ணு, அந்த இதயம் வந்தாத்தான் உயிரு. எடுத்த இதயம் வெளியில எவ்வளவு நேரம் தாங்கும்? நாலு மணி நேரம். ரோட்டுல வந்தா... முடிஞ்சது. அதனால பிளேன்ல வந்துச்சு. ஐஸ் பெட்டிக்குள்ள ஒரு மனுஷனோட இதயம், மேகத்துக்கு மேல பறந்து வருது! சொல்லும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்குது.

மீனம்பாக்கத்துல இறங்குச்சு. ஆம்புலன்ஸ் தயார். வழியெல்லாம் போலீஸ் நின்னு பச்சை விளக்கு. ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரியுது. அங்க போயி... பாதி ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கான். மிச்சப் பாதியில ஒரு சவ ஊர்வலம். அப்பதான் சந்துக்குள்ளேருந்து வெளிய வந்த பூப்பல்லக்கு, ரோட்டை அடைச்சுகிட்டு நிக்குது. ஒதுங்க இடமில்ல. பல்லக்கு திரும்ப சந்துக்குள்ள போனாத்தான் வண்டி போகும். போகுமா? எடுத்த பொணத்தை மறுபடி வீட்டுப் பக்கம் திருப்புற பழக்கம் நம்மகிட்ட உண்டா?

டிரைவர் ஓடி வந்து விஷயத்தைச் சொன்னாரு. செத்தவரோட தம்பி குறுக்க வந்து நின்னுட்டாரு. "அண்ணனை எடுத்தாச்சுப்பா. திருப்பினா குடும்பத்துக்கு ஆவாது."

முன்னால நெருப்புச் சட்டியோட மகன் தணிகைவேல். ஈர வேட்டி. அழுது அழுது குரலே போயிடுச்சு. ஆம்புலன்ஸைப் பார்த்தான்... பல்லக்கைப் பார்த்தான்... மெதுவா சொன்னான்.

"திருப்புங்க சித்தப்பா. அப்பாவுக்கு இனிமே அவசரமில்ல."

மோளம் நின்னுச்சு. பல்லக்கு திரும்புச்சு. தூக்கினவங்க அத்தனை பேரும் அந்தச் சந்துக்குள்ள, தோள்ல பாரத்தோட, சுவரோட சுவரா ஒட்டி நின்னாங்க. வண்டி தாண்டும்போது சித்தப்பாதான் முதல்ல கையெடுத்துக் கும்பிட்டாரு. அந்தப் பொண்ணு பொழைச்சுட்டா.

இப்ப சொல்லுங்கய்யா... கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம்? ஐந்நூறு கிலோமீட்டரை மிஷின் தாண்டிருச்சு. பெரிய அதிசயம்தான், கும்பிடுறேன். ஆனா கடைசி ஐம்பது அடி? அதை எந்த மிஷினால தாண்ட முடிஞ்சுது? அப்பனைப் பறிகொடுத்த ஒருத்தன் வழி விட்டான், தாண்டுச்சு. இத்தனை வேகம் கண்டுபிடிச்சும், கடைசியில ஒரு மனுஷன் மனசு வைக்கணும்யா!

நாளைக்கு உங்களுக்குப் பின்னாலயும் அந்த ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும். ஆபீஸுக்கு நேரமாச்சுன்னு தோணும். அப்ப தணிகைவேலை ஒரு நிமிஷம் நினைச்சுக்கங்க... நினைச்சுக்கிட்டு, வண்டியை ஓரமா நிறுத்துங்க.